ஆறு கண்ணியில் தொடங்கும் உருண்டை

ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவர்கள் உல்லன் நூல் வாங்கும்போது தேவைக்கு மேல் ஓர் உருண்டை சேர்த்தே வாங்குவார்கள். அந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது சாயத்தொட்டி. ஒரே ஆலை, ஒரே நிறம், ஒரே சாயப்பொடி என்றாலும் தொட்டிக்குத் தொட்டி நிறம் இம்மியளவு மாறிவிடும். நீரின் வெப்பம், அதன் அமிலத்தன்மை, நூல் ஊறிக் கிடந்த நேரம், கம்பளி எந்த ஆட்டினுடையது என்பது எல்லாமே நிறத்தைப் பாதிக்கும். அதனால்தான் நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் தாள் பட்டையில் நிற எண்ணோடு, தொட்டியைக் குறிக்கும் லாட் எண்ணையும் அச்சிடுகிறார்கள். பாதிக் கை பின்னும்போது நூல் தீர்ந்து, வேறு லாட்டில் வாங்கித் தொடர்ந்தால், மாற்றம் தொடங்கிய இடம் பகல் வெளிச்சத்தில் கோடாகத் தெரியும். எனவே முன்கூட்டியே ஒன்று அதிகம் வாங்கி வைப்பதுதான் பாதுகாப்பு.

விளைவு, மிச்ச நூல். குளிர்நாடுகளில் பின்னல் பழகிய வீடு ஒவ்வொன்றிலும் ஒரு கூடை நிறைய இது இருக்கும். பத்து கிராம் சிவப்பு, இருபது கிராம் வெள்ளை, ஒரு குழந்தைத் தொப்பிக்குக்கூடப் போதாத பச்சை. டிசம்பர் நெருங்கும்போது அந்தக் கூடை வெளியே வருகிறது. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட உருண்டைகள், நட்சத்திரங்கள், பனிப்பூக்கள், விரல் நீளக் காலுறைகள் எல்லாம் அதிலிருந்து பிறக்கின்றன. நார்வேயில் வாழும் ஆர்னே, கார்லோஸ் என்ற வடிவமைப்பாளர்கள் இப்படிப் பின்னக்கூடிய 55 உருண்டைகளை மட்டுமே வைத்து ஒரு நூல் எழுதினார்கள். அது பல மொழிகளுக்குப் போனது.

என்னைக் கவர்ந்தது அந்த உருண்டைகளின் அழகு மட்டுமல்ல. நூலுக்கு நீளம் உண்டு, வடிவம் கிடையாது. அச்சு இல்லை, வார்ப்பு இல்லை, கத்தரிக்கோலும் தேவையில்லை. வெறும் எண்ணிக்கையைக் கொண்டே ஒருவர் அதை உருண்டையாகவும் தட்டாகவும் பவளப்பாறை போன்ற சுருக்கமாகவும் மாற்றிவிடுகிறார். இவ்வளவு சுத்தமான வடிவியல் நம் கைக்கு எட்டுகிற இடங்கள் மிகக் குறைவு.

முடிச்சில்லாத துணி

வேட்டியிலும் சேலையிலும் இரண்டு வகை நூல்கள் உண்டு. நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை. இரண்டும் ஏறக்குறைய நேராகக் கிடந்து ஒன்றையொன்று மேலும் கீழுமாகக் கடக்கின்றன. பின்னல் வேறு வகை. அங்கே ஒரே நூல்தான். அதை ஒரு கண்ணியாக வளைத்து, முன்பு போட்ட கண்ணியின் ஊடாக இழுக்கிறோம். அந்தப் புதிய கண்ணியின் ஊடாக அடுத்தது. எத்தனை ஆயிரம் கண்ணி போட்டாலும் நடுவில் ஒரு முடிச்சுகூட விழுவதில்லை. கடைசிக் கண்ணியை விடுவித்து நுனியை இழுத்தால், முழுத் துணியும் பழையபடி ஒற்றை நூலாகக் கைக்கு வந்துவிடும். மிச்ச நூலில் பழகுபவர்களுக்கு இது பெரிய வரம். பிடிக்காத உருண்டையைப் பிரித்தால் நூல் வீணாவதில்லை.

இரண்டு ஊசிகளில் பின்னுவது நிட்டிங். ஒரே கொக்கி ஊசியில் பின்னுவது குரோஷே. நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் உயிரோடு காத்திருக்கும். ஒன்று நழுவினால் அதற்குக் கீழுள்ளவை ஏணிப்படிபோல் ஒவ்வொன்றாக அவிழும். குரோஷேயில் ஒவ்வொரு கண்ணியும் அங்கேயே முடிந்துவிடுகிறது. கொக்கியில் எப்போதும் இருப்பது ஒன்றுதான். அதனால் எந்தத் திசையிலும் திரும்பலாம், எந்த ஓட்டையிலிருந்தும் புதிதாகக் கிளம்பலாம். சின்ன அலங்காரப் பொருள்களுக்குக் குரோஷேயே பொருத்தம் என்று நான் நினைப்பது இதனால்தான். நிட்டிங்குக்கு 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ இயந்திரம் செய்துவிட்டார். குரோஷே இன்றும் பெரும்பாலும் கைவேலையாகவே நிற்கிறது.

பின்னிய துணி நீளும், நெய்த துணி அவ்வளவு நீளாது. திருப்பூரில் தயாராகும் பனியன் துணி நிட்டிங்தான். அதிலுள்ள பருத்தி நூலைத் தனியே எடுத்து இழுத்தால் அவ்வளவாக நீளாது. துணியை இழுக்கும்போது வளைந்த கண்ணிகள் நிமிர்கின்றன, அவ்வளவுதான். விட்டுவிட்டால் நூலின் விறைப்பு அவற்றை மீண்டும் வளைக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு இதைச் சில ஆண்டுகளாக ஆராய்கிறது. நூல் அதே, கண்ணியும் அதே. கண்ணியை முன்பக்கமாக இழுக்கிறோமா பின்பக்கமாக இழுக்கிறோமா என்ற வரிசையை மட்டும் மாற்றினால், துணி எவ்வளவு நீளும் எந்தத் திசையில் நீளும் என்பது முழுக்க மாறிவிடுகிறது. 2024-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை இதைச் சோதனையாலும் கணிப்பாலும் காட்டியது. பாட்டிமார் விரல்களுக்குத் தெரிந்திருந்ததை இயற்பியல் சமன்பாடாக எழுதத் தொடங்கியிருக்கிறது.

பழைய பனியன் ஒன்றின் அடியைக் கத்தரித்துப் பாருங்கள். வெட்டிய விளிம்பு தானாகச் சுருண்டுகொள்ளும். எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கமாக இழுக்கப்பட்டிருப்பதால் துணியின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நூலின் வளைவு ஒன்றாக இல்லை. நிமிரத் துடிக்கும் நூல் இரு பக்கமும் சமமாகத் தள்ளாததால் மேல், கீழ் விளிம்புகள் முன்னோக்கியும் பக்க விளிம்புகள் பின்னோக்கியும் சுருளும். ஒரு வரிசை முன்பக்கம், அடுத்த வரிசை பின்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் இந்தத் தள்ளல்கள் ஒன்றையொன்று அழித்துத் துணி தட்டையாகக் கிடக்கும். மரத்தில் தொங்கவிடும் குட்டிக் காலுறையின் வாயைப் பலர் மடித்துத் தைப்பதில்லை. சுருளும் குணமே அதற்கு அழகான கரை கட்டிவிடுகிறது.

தட்டு, உருண்டை, சுருக்கம்

இனி எண்ணிக்கைக்கு வருவோம். குரோஷே உருண்டை ஒரு சிறு வளையத்தில் ஆறு கண்ணிகளோடு தொடங்கும். அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18, பிறகு 24. சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் கிடைக்கும். பயிற்றுவிப்பவர்கள் இதை விதியாகச் சொல்லித் தருவார்கள். ஏன் ஆறு?

வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு 2π, அதாவது 6.28 அலகு கூடும். ஒற்றைக் குரோஷே எனப்படும் எளிய கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஒவ்வொரு சுற்றும் ஆரத்தில் ஒரு கண்ணி உயரத்தைச் சேர்க்கிறது. எனவே சுற்றளவில் 6.28 கண்ணி அகலம் சேர வேண்டும். கண்ணியைப் பின்னமாகப் போட முடியாது, ஆகவே ஆறு. மீதியை நூலின் நெகிழ்வு ஏற்றுக்கொள்கிறது. இரட்டைக் குரோஷே கண்ணி அகலத்தைப்போல் சுமார் இரு மடங்கு உயரம். அங்கே விதி பன்னிரண்டு. நிட்டிங் கண்ணி நேர்மாறாக உயரத்தைவிட அகலம் அதிகம். பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 வரிசை என்பது நடுத்தர நூலுக்கு வழக்கமான அளவு. கணக்கிட்டால் சுற்றுக்கு நாலரைக் கண்ணி சேர வேண்டும் என்று வரும். நிட்டிங் செய்பவர்கள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எட்டு கூட்டுவது இதற்கு அருகில்தான் இருக்கிறது. π தெரியாமலே தலைமுறை தலைமுறையாக அதன் மதிப்பைக் கையில் வைத்திருந்திருக்கிறார்கள்.

ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் விளிம்புக்கு இடம் போதாமல் தட்டு குழிந்து கிண்ணமாகும். சாத்துக்குடித் தோலை மேசையில் தட்டையாக அழுத்தினால் ஓரம் கிழிவது இந்தக் காரணத்தால்தான்: கோளத்தின் மேல் வரையும் வட்டத்துக்குச் சுற்றளவு குறைவு. எவ்வளவு குறைவு என்பதைச் சைன் சார்பு சொல்லிவிடும். நடுச்சுற்றில் 36 கண்ணி உள்ள உருண்டை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து நடுக்கோட்டுக்கு ஒன்பது சுற்று. 90 பாகையை ஒன்பதால் வகுத்தால் சுற்றுக்குப் பத்துப் பாகை. முதல் சுற்றில் 36-ஐ சைன் 10 பாகையால் பெருக்க வேண்டும், இரண்டாவதில் சைன் 20 பாகையால், இப்படியே. முழு எண்ணாக்கினால் வரிசை இது: 6, 12, 18, 23, 28, 31, 34, 35, 36. பிறகு அதே வழியில் 35, 34, 31 என்று இறங்க வேண்டும்.

பின்னுபவருக்கு இந்த எண்களைவிட அவற்றின் வித்தியாசமே முக்கியம். இந்தச் சுற்றில் எத்தனை கூட்டுவது என்பதுதானே அவர் கேள்வி? முதல் ஆறு கண்ணியையும் சேர்த்தால் விடை 6, 6, 6, 5, 5, 3, 3, 1, 1. இதைப் பார்த்ததும் எனக்கு ஆரியபடர் நினைவுக்கு வந்தார். கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபடீயத்தில் அவர் சைன் மதிப்புகளைக் கொடுக்கவில்லை, அவற்றின் வித்தியாசங்களைக் கொடுத்தார். 90 பாகையை 24 பங்காக்கி, 225, 224, 222, 219 என்று தொடங்கி 51, 37, 22, 7 என்று முடியும் இருபத்துநான்கு எண்கள். கூட்டிக்கொண்டே போனால் 3438 வரும். முதலில் பெரிதாகவும் ஏறக்குறைய மாறாமலும் இருந்து, போகப்போக வேகமாகக் குறைந்து ஒன்றுமில்லாமல் போகும் அதே நடை. கோள்களின் இருப்பிடத்தைக் கணிக்க எழுதிய அந்தப் பட்டியலில் பத்துப் பாகைக்கு ஒருமுறை இடைமதிப்பு கண்டு, 3438-ஐ 36-ஆகச் சுருக்கினால், கிறிஸ்துமஸ் உருண்டைக்கான குறிப்பு கிடைத்துவிடும்.

புழக்கத்தில் இருக்கும் குறிப்புகள் பலவும் இவ்வளவு நுணுக்கத்துக்குப் போவதில்லை. 6, 12, 18, 24, 30, 36 என்று ஏறி, ஆறேழு சுற்று மாறாமல் ஓடி, அதே படியில் இறங்கச் சொல்லும். கண்டிப்பாகப் பார்த்தால் இது இரண்டு தட்டுகளை ஒரு குழாய் இணைத்த உருவம். உள்ளே பஞ்சை அடைக்கும்போது துணி நீண்டு ஓரளவு உருண்டையாகிறது. நெருங்கிப் பார்த்தால் தோள் தெரியும். சைன் வரிசையில் பின்னியதில் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பழைய குறிப்புக்குத் திரும்ப மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வரிசையில் மொத்தம் 17 சுற்று, 410 கண்ணி. கோளத்தின் மேற்பரப்புக்கான 4πr² சூத்திரத்தில் போட்டால் 413 வரும். இவ்வளவு அருகில் வருவதால் சூத்திரத்தை நம்பி நூலை அளக்கலாம். மிச்ச நூலில் பத்துக் கண்ணி போட்டு, பிரித்து, நீளத்தை அளந்து 41-ஆல் பெருக்குங்கள். வால் விடுவதற்கு ஒரு சாண் சேர்த்துக்கொண்டால் நடுவில் நூல் தீராது. விட்டம் இரட்டித்தால் மேற்பரப்பு நான்கு மடங்காவதால் நூலும் நான்கு மடங்கு வேண்டும். சின்ன மிச்சங்களுக்குச் சின்ன உருண்டைகளே ஏற்றவை.

ஆறுக்கு அதிகமாகக் கூட்டினால்? விளிம்பில் துணி மிஞ்சி, இடம் தேடி மேலும் கீழும் அலையடிக்கும். கோழிக்கொண்டைப் பூவின் ஓரத்தில் காண்பது இந்த அலைதான். கோளத்துக்கு எதிரான இந்தப் பரப்பைக் கணிதத்தில் அதிபரவளையத் தளம் என்பார்கள். யூக்ளிடின் இணைகோட்டு விதி அங்கே செல்லாது. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக, அதை வெட்டாத கோடுகள் எத்தனை வேண்டுமானாலும் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கணிதவியலாளர்களுக்குத் தெரிந்த இந்தத் தளத்தைக் கையில் பிடித்துக் காட்டுவது மட்டும் கடினமாக இருந்தது. வில்லியம் தர்ஸ்டன் காகிதத் துண்டுகளை ஒட்டி மாதிரி செய்யும் வழி காட்டினார். அது எளிதில் கிழிந்தது. 1997-ல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா குரோஷே ஊசியை எடுத்தார். குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் சுற்று தவறாமல் கூட்டினார். மாணவர்கள் மடித்து, கோடு தைத்து, இணைகோடுகள் விலகிப் போவதைக் கண்ணால் பார்த்தார்கள்.

இந்த வடிவம் மரத்தில் தொங்கினால் பவளம்போல் அழகு. ஆனால் நூலை விழுங்கும். 20 கண்ணியில் தொடங்கி ஐந்துக்கு ஒன்று கூட்டினால் பத்தாவது சுற்றில் 124, இருபதாவதில் 767. தட்டையான வட்டத்தில் சுற்றுக்கு ஆறு கூட்டினால் அதே இருபது சுற்றுக்குப் பின் 140-தான் இருக்கும். டைமினாவின் முறையைக் கொண்டு மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு குரோஷே பவளப்பாறையைத் தொடங்கினார்கள். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதற்குப் பின்னி அனுப்பினார்கள்.

விடுமுறைக் கைவேலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த இன்னொரு கதையும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஹிங்கே ஒசிங்கா, பெர்ன்ட் கிரௌஸ்கோஃப் இருவரும் லோரன்ஸ் சமன்பாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வானிலையின் ஒழுங்கின்மையை விளக்கப் புறப்பட்ட சமன்பாடுகள் அவை. அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பரப்பைக் கணினி வளையம் வளையமாக வளர்த்துக் காட்டியது. 2002 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒசிங்கா அறுகோணப் பூக்கள் பின்னிக்கொண்டிருந்தபோது, பயனுள்ளதாக ஏதாவது பின்னலாமே என்று கிரௌஸ்கோஃப் கேட்டார். கணினியின் வளையங்களும் குரோஷே சுற்றுகளும் ஒன்றே என்பது அப்போது இருவருக்கும் புலப்பட்டது. 25,511 கண்ணிகள், 85 மணி நேரம். கணினித் திரையில் மட்டும் இருந்த பரப்பு கையில் வந்தது.

பனிப்பூவும் கஞ்சியும்

மரத்துக்குச் செய்யும் பொருள்களில் கண்ணைப் பறிப்பது வெள்ளைப் பருத்தி நூலில் பின்னும் பனிப்பூ. இங்கும் ஆறு. ஆறு கண்ணியிலிருந்து ஆறு கிளை. கூட்டும் இடங்களைச் சுற்றுக்குச் சுற்று ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வட்டம் தானே அறுகோணமாகிவிடும். உருண்டைக்கு இது குறை என்பதால் இடம் மாற்றிப் போடுவார்கள். பனிப்பூவுக்கு அதுவே தேவை.

உண்மையான பனித்துகளுக்கு ஏன் ஆறு? 1611-ல் யோகன்னஸ் கெப்ளர் இந்தக் கேள்வியையே ஒரு சிறு நூலாக எழுதி, ப்ராக் நகரில் தன்னை ஆதரித்த நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். சமமான உருண்டைகளை ஒரே தளத்தில் நெருக்கி அடுக்கினால் ஒன்றைச் சுற்றி ஆறு நிற்கும் என்பது வரை போய், பனிக்கான காரணத்தை வேதியியலாருக்கு விட்டுவிட்டார். எக்ஸ் கதிர்கள் வந்த பிறகே முழு விடை கிடைத்தது. உறையும் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் அறுகோண அடுக்காகச் சேர்கின்றன. அந்த ஒழுங்கே கண்ணுக்குத் தெரியும் அளவு வரை வளர்கிறது. வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிகோ ஊரைச் சேர்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி 1885-ல் ஒற்றைப் பனித்துகளை நுண்ணோக்கி வழியே படமெடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். ஐந்து கிளை, எட்டுக் கிளை என்று பின்னிய பனிப்பூக்களும் கடைகளில் கிடைக்கின்றன. இயற்கையில் அப்படி ஒன்று விழுந்ததில்லை. நான் ஆறின் பக்கம்.

பின்னி முடித்த பனிப்பூ துவண்டு கிடக்கும். அதை விறைப்பாக்க மேலைநாடுகளில் மாவுப்பசையோ சர்க்கரைப் பாகோ தடவி, ஊசி குத்திக் காயவைப்பார்கள். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுகிற நமக்கு இதில் புதிது எதுவும் இல்லை. பருத்தியின் செல்லுலோஸும் அரிசியின் ஸ்டார்ச்சும் குளுகோஸ் கோத்த சங்கிலிகள்தாம். கோத்திருக்கும் கோணம் மட்டும் வேறு. சூட்டில் ஸ்டார்ச் மணிகள் நீரை உறிஞ்சி வீங்கி உடைந்து, சங்கிலிகள் வெளியே வந்து நூலின் இழைகளுக்குள் புகுகின்றன. காயும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. நீர்பட்டால் மீண்டும் தளரும். அடுத்த ஆண்டு துவைத்துப் புதிதாக விறைப்பேற்றலாம்.

கம்பளி மிச்சத்துக்கு வேறு வழி. அது நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். நனைத்து, இழுத்து, ஊசியில் நிறுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும். நனையும்போது அறுந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் காயும்போது புதிய இடங்களில் விழுவதே காரணம். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் ஒரே திசை பார்த்து அடுக்கியிருக்கின்றன. சுடுநீரில் சோப்புப் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒரு திசையில் மட்டும் நகர்ந்து ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். துணி சுருங்கிக் கெட்டியாகும், திரும்ப விரியாது. ஸ்வெட்டருக்கு இது சேதம். அலங்கார உருண்டைக்கு வேண்டுமென்றே இதைச் செய்யலாம், கண்ணிகள் மறைந்து வழவழப்பான பந்து கிடைக்கும். சுருங்காதபடி பதப்படுத்தியது என்று பட்டையில் எழுதிய கம்பளி இதற்கு உதவாது. அதன் செதில்களை மழுக்கியோ மேலே பூசியோ விட்டிருப்பார்கள்.

நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை இழை அது. செதில் கிடையாது, நனைத்துக் காயவைத்தாலும் பழைய வடிவத்துக்கே போகும். நீராவி மட்டும் அதை மாற்றும். சூட்டில் அதன் சங்கிலிகள் இளகி, ஆறியதும் புதிய நிலையில் உறைந்துவிடும். இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேல் வைக்காமல், சற்று உயரத்தில் பிடித்து நீராவி காட்டினால் சுருளும் நட்சத்திரம் தட்டையாகும். பெட்டி பட்டால் பளபளத்து நசுங்கிப்போகும், பிறகு சரிசெய்ய முடியாது.

இந்த வேறுபாடு நெருப்பின் முன் இன்னும் கூர்மையாகும். கம்பளி தீப்பற்றத் தயங்கும், சுடரை எடுத்தால் பெரும்பாலும் கருகி அணைந்துவிடும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், உருகியது தோலில் ஒட்டும். உங்கள் மிச்ச நூல் எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதை அக்ரிலிக் என்றே கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி எரியும் இடத்தில் அதைத் தொங்கவிட வேண்டாம்.